இன்னும் கார் வாங்காததற்கான விளக்கம்

புதன்கிழமை, 26ஆம் தேதி, முற்பகல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் அக்காவும் உடல்நலத்துடன் இருக்கிறோம். எங்கள் இருவரில் ஒருவர் மற்றவருடன் திங்கட்கிழமையிலிருந்து பேசவில்லை என்பதைத் தவிர, குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை. அங்கு நீங்களும் உங்கள் இல்லத்தாரும் எல்லா நலமும் பெற்று, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கடந்த ஞாயிறன்று நீங்கள் தொலைபேசியில் என்னிடம், "அத்தான், நீங்க கார் வாங்கப் போறீங்களா, இல்ல கார்ல பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் மூன்று காரணங்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் விளக்கத் தொடங்கினேன். முதல் காரணத்தின் இரண்டாம் உட்பிரிவில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சிக்னல் கோளாறு என்றே கருதுகிறேன். கடிதத்துக்கு அந்தக் கோளாறு வராது என்பதால் எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் அறிந்தவையே எனினும், பதிவுக்காக நிலைமையை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் அக்கா பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகளுக்கே சென்று கைகால்களை இயங்கவைக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அதன் தலைமைப் பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நியமன ஆணையின் ஏழாம் நிபந்தனை என்னவென்றால், பொறுப்பேற்பவரிடம் சொந்தமாக நான்கு சக்கர வாகனம் இருக்க வேண்டும். அதன் பதிவு எண்ணை இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் தர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அந்தப் பொறுப்பு போய்விடும். மிகத் தெளிவாக எழுதப்பட்ட நிபந்தனை. அதன் நடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் பழைய கார் பதினோரு மாதங்களுக்கு முன்பே மெக்கானிக்கின் பட்டறையில் உயிரை விட்டது. அன்றுமுதல் உங்கள் அக்கா மடக்குக் கட்டில் ஒன்றையும் ஊன்றுகோல் இரண்டையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய்வருகிறார். ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண்மணி அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்ட விட்டே கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டாராம். "இன்னும் இல்ல" என்று உங்கள் அக்கா பதில் சொன்னாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் சிரித்திருக்கக் கூடாது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தாமதத்துக்கு என் சோம்பல் காரணம் என்று உங்கள் குடும்பத்தில் ஒரு கருத்து நிலவுவதாகத் தெரிகிறது. அது தவறு. நான் லிஃப்ட் ஆய்வாளன். இருபத்தாறு ஆண்டுகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். 'எட்டுப் பேர் ஏறலாம்' என்று ஒரு பெட்டிக்குள் எழுதியிருந்தால், எட்டுப் பேருக்குரிய எடையை ஏற்றி, இறக்கி, இடையில் நிறுத்தி, மறுபடியும் ஏற்றிப் பார்த்த பிறகுதான் என் பேனாவின் மூடி கழன்றிருக்கிறது. விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பி நான் கையெழுத்திட்டிருந்தால், இன்று எத்தனையோ பேர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு என் பெயரை உச்சரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நான், ஒரு விளம்பரத் தாளில் புன்னகைக்கும் குடும்பத்தைப் பார்த்து கார் வாங்கிவிட முடியுமா?

ஆகவே இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினேன். முதல் நான்கு மாதங்கள் வகைப்பாட்டுக்கே போயின. பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுத்தால் அது ஹைப்ரிட். அந்த ஹைப்ரிடையே சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றவும் முடிந்தால் பிளக்-இன் ஹைப்ரிட். என்ஜினே இல்லாமல் பேட்டரியை மட்டும் நம்பினால் மின்சார கார். மூன்று வரி எழுத நான்கு மாதமா என்று உங்கள் அக்காவும் கேட்டார். முதல் மூன்று மாதமும் முதலிரண்டு வகைகளையும் நான் ஒன்றென்றே எண்ணியிருந்தேன் என்பதுதான் அதற்கு விடை. இந்தப் பிழையைக் கண்டுபிடித்த இடம் ஒரு ஷோரூமின் பளிங்குத் தரை. அங்கே நிறுத்தியிருந்த ஹைப்ரிடில் சார்ஜ் ஏற்றும் துளை எங்கே இருக்கிறது என்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நாற்பது நிமிடம் தேடினேன். கடைசியில், லிஃப்டின் அடிக்குழியில் இறங்கும்போது நான் கொண்டுபோகும் டார்ச்சுடன் காரின் அடியில் படுத்துவிட்டேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் குனிந்து, "சார், எதாவது கீழ விழுந்துடுச்சா?" என்று கேட்டார். "சார்ஜ் துளை எங்கே?" என்றேன். "இதுக்கு அது கிடையாது சார்" என்றார். "கிடையாதா, வைக்க மறந்துவிட்டார்களா?" என்று கேட்டேன். அவர் தம் பதினைந்து ஆண்டு அனுபவத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போது சோபாவில் உட்கார்ந்திருந்த உங்கள் அக்கா, கையிலிருந்த போனிலிருந்து தலையை எடுக்காமலே, "பிரேக் போடறப்ப வீணாப் போற சக்திய அதுவே புடிச்சு பேட்டரில வெச்சுக்கும். பத்தாததுக்கு என்ஜின் இருக்கு. உங்க லிஃப்ட் இறங்கறப்ப கரண்ட் உண்டாக்கும்னு நம்ம கல்யாணத்தன்னிக்கு வந்தவங்களயெல்லாம் நிக்க வெச்சு சொன்னீங்களே, அதேதான் இது" என்றார். லிஃப்ட் பாரத்துடன் இறங்கும்போதும், காலியாக ஏறும்போதும் என்று சொல்வதே முழுமை என நான் திருத்தினேன். விற்பனையாளர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கே அதை வாங்கியிருக்கலாமே என்பீர்கள். ஒரு வண்டிக்குள் இரண்டு இயந்திரம் என்றால் இரண்டு வகைப் பழுது அல்லவா என்று நான் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதினேன். "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இழுக்குமில்ல?" என்று உங்கள் அக்கா சொன்னதை, நேர்மையின் பொருட்டு, வலப்பக்கத்தில் எழுதினேன். நகருக்குள் நின்று நின்று போகிறவருக்கு ஹைப்ரிடில் பெட்ரோல் மிச்சமாகும் என்பது வலம். நெடுஞ்சாலையில் சீராகப் போகிறவருக்கு அந்த லாபம் குறைவு என்பது இடம். ஐந்தாம் மாத முடிவில் இரு பக்கங்களும் ஒரு வரிகூட வித்தியாசமில்லாமல் நிரம்பியிருந்தன. இவ்வளவு நடுநிலையான ஆவணம் என் அலுவலகத்தில்கூட இல்லை.

ஆறாம் மாதம் மின்சார காருக்குச் சென்றேன். ஒருவர் தினமும் எவ்வளவு தூரம் போகிறார் என்று தெரியாமல் அந்த வண்டியைப் பற்றிப் பேசுவதே வீண் என்று படித்ததால், முப்பது நாளைக்குத் தம் பயணங்களை எழுதிவைக்கும்படி உங்கள் அக்காவுக்கு ஒரு படிவம் வரைந்து கொடுத்தேன். பேருந்தில் ஒரு கையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் அதை நிரப்பினார். சராசரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மிக அதிகமான நாளில் அறுபத்தொன்று. நான் பார்த்துவைத்த வண்டி ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் முந்நூறு ஓடும் என்று தாளில் இருந்தது. "அறுபதுக்கு முந்நூறு பத்தாதா?" என்றார் உங்கள் அக்கா. முந்நூறு என்று எழுதியிருப்பது வேறு, முந்நூறு ஓடுவது வேறு. வேகம் கூடினால் குறையும், ஏ.சி. போட்டால் குறையும், பாரம் ஏறினால் குறையும் என்று எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள். எவ்வளவு குறையும் என்று மட்டும் யாரும் கையெழுத்திட்டுத் தருவதில்லை.

எனவே சோதனை ஓட்டத்தை முறைப்படி நடத்த முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை அதே டை கட்டியவர் (அந்த நிறுவனம் இரண்டு வகையும் விற்கிறது, அவருடைய போதாத காலம்) வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். வழியில் நான்கு மணிக்கு ஒரு நோயாளியின் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று நான் சொன்னதால் உங்கள் அக்காவும் கட்டிலுடன் ஏறிக்கொண்டார். ஐந்து பேர் அமரும் வண்டி. நாங்கள் மூவர். மீதி இருவருக்கு ஈடாக, எதிரே கட்டிடம் கட்டும் இடத்திலிருந்து அனுமதி பெற்று இரண்டு மணல் மூட்டைகளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்தேன். மூட்டைகளுக்கும் சீட் பெல்ட் போட வேண்டியதாயிற்று; போடாவிட்டால் வண்டி விடாமல் கத்துகிறது. இதை ஒரு நற்பண்பாகவே குறித்துக்கொண்டேன். ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து நகரைச் சுற்றத் தொடங்கினேன்.

பேட்டரி இருபது சதவீதத்தைத் தொட்டபோது விற்பனையாளர், "சார், பக்கத்துலயே சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கு, ஒரு எட்டு போயிடலாமே?" என்றார். பத்தில், "சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். ஐந்தில் அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். கயிறு அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் கருவி லிஃப்டில் உண்டு. அதைச் செயல்பட வைத்துப் பார்க்காமல் எந்த ஆய்வாளனும் கையெழுத்திட மாட்டான். அதுபோல, பூஜ்யத்தில் என்ன நடக்கும் என்பதை நேரில் காண்பதே இந்தச் சோதனையின் நோக்கம் என்று அவருக்கு விளக்கினேன். "என்ன நடக்கும்னா, வண்டி நின்னுடும் சார்" என்றார். இது வாய்ச்சொல். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது; முகப்பில் சிறியதாக ஓர் ஆமையின் படம் ஒளிர்ந்தது. பின்னால் மூட்டைகளை ஒட்டி உட்கார்ந்திருந்த உங்கள் அக்கா எட்டிப்பார்த்து, "வண்டி ஓட்டறவங்க போட்டோவெல்லாமா போடுவாங்க?" என்று கேட்டார். அடுத்த இரண்டு நிமிடத்தில் பாலத்தின் உச்சிக்குச் சற்று முன்பாக வண்டி நின்றது.

எங்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது, தற்செயலாக, உங்கள் அக்கா தினமும் போகும் பேருந்து. கண்டக்டர் இறங்கிவந்தார். "அக்கா, நீங்களா? கட்டில இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். உங்கள் அக்காவும் திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டார். கண்டக்டர் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு வந்த மீட்பு வண்டிக்காரர், இந்த வகைக் காரைக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் கெட்டுவிடும், நாலு சக்கரமும் தரையில் படாமல் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார். மிகவும் பயனுள்ள தகவல், உடனே எழுதிக்கொண்டேன். "சார்ஜ் தீரப்போகுதுன்னு வண்டி சொல்லலியா சார்?" என்று அவர் கேட்டார். என்னை முந்திக்கொண்டு விற்பனையாளர், "வண்டி சொல்லிச்சு. நான் சொன்னேன். அவங்க வீட்டம்மா சொன்னாங்க. மூட்டை ரெண்டும்தான் பாக்கி" என்றார். உண்மையில் அந்தச் சோதனையில் வண்டி முழு வெற்றி பெற்றது. அது காட்டிய எண்ணுக்கும் ஓடிய தூரத்துக்கும் நான்கே கிலோமீட்டர் வித்தியாசம். இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் சமீபத்தில் சந்தித்ததில்லை என்று அதன் நிறுவனத்துக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினேன். இனி அந்தக் கிளைக்கு வர வேண்டாம் என்று பதில் வந்தது.

வண்டி தேறிவிட்டது; அப்புறம் என்ன தடை? வீட்டில் சார்ஜ் ஏற்றும் ஏற்பாடு. அது இல்லாமல் மின்சார கார் வாங்குவது, சமையலறை இல்லாத வீட்டுக்குக் குடிபோவது போன்றது. எங்கள் குடியிருப்பின் விதி முப்பத்தொன்று, வாகன நிறுத்துமிடத்தின் பொது மின்சாரத்தில் தனியார் கருவி எதையும் இணைக்கக் கூடாது என்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தரைத்தளத்துப் பல் மருத்துவர் அங்கே தம் தூசி உறிஞ்சியைச் செருகியதை அடுத்து, விதிக்குழுச் செயலர் என்ற முறையில் நானே எழுதிய விதி அது. விலக்கு வேண்டுவோர் நான்கு பிரதிகளில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தேன். விதிக்குழுச் செயலராக அதை நானே பெற்றுக்கொண்டு, இரண்டு நாள் பரிசீலித்தேன். மூன்றாம் இணைப்பில் உரிமம் பெற்ற மின்பணியாளரின் கையொப்பம் இல்லை. வேறு வழியின்றி, காரணத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினேன். இப்போது சங்கத் தலைவராக இருக்கும் அதே பல் மருத்துவர் கேள்விப்பட்டு மேலே வந்தார்.

"நீங்க போட்ட அப்ளிகேஷன நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்களாமே?"

"குறையோடு இருந்தது."

"விதிய எழுதினவர் நீங்க. கொஞ்சம் தளர்த்திக்கக் கூடாதா?"

"எனக்கு நானே சலுகை கொடுத்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?"

"சரி, குடுங்க, தலைவர்ங்கற முறைல நான் கையெழுத்துப் போடறேன்."

"தலைவருக்கு அந்த அதிகாரம் இல்லை. பிரிவு ஒன்பது."

"அதையும் நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமாம்."

அவர் என் முகத்தைச் சற்று நேரம், பிடுங்குவதா விடுவதா என்று ஒரு பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

திருப்பி அனுப்பிய உறை திங்கட்கிழமை தபாலில் வந்தது. அதைப் பிரித்தவர் உங்கள் அக்கா. "அனுப்புநரும் நீங்க, பெறுநரும் நீங்க. இதுக்கு ஸ்டாம்ப் வேற ஒட்டியிருக்கீங்க" என்றார். பதிவுத் தபாலாக அனுப்பியிருக்க வேண்டும் என்பது எனக்கும் பிறகுதான் தோன்றியது. அவர் சத்தம் போடவில்லை. உறையை மேசைமேல் வைத்து, ஓரங்களை நேராக்கி, "இத்தன வருஷத்துல எத்தனையோ பேர எழுப்பி நிக்க வெச்சு நடக்க வெச்சிருக்கேன். வீட்டுல ஒருத்தர ஒரு அடி நகத்த முடியல" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. தேவையானவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் துண்டுச் சீட்டு எழுதி ஒட்டுகிறார். சீட்டுகளில் தேதி இருப்பதில்லை.

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அவர் தனியாக ஊரின் எந்த மூலைக்கெல்லாமோ போகப்போகிறார். நான் சோதித்து முடிக்காத ஒன்றுக்குள் அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்த எனக்குக் கை வரவில்லை. இதை அவரிடமே சொல்லிவிடலாம். ஆனால் இது காரணம் ஒன்றிலும் வராது, இரண்டிலும் வராது, மூன்றிலும் வராது. எந்த உட்பிரிவில் சேர்ப்பதென்று தெரியாததால் குறிப்பேட்டில் எழுதாமலே விட்டிருக்கிறேன்.

இனி என் வேண்டுகோள். மேலும் நல்ல பேட்டரிகள் அடுத்த ஆண்டு வரக்கூடும் என்று படித்தேன். அவற்றையும் பார்த்துவிடுவதே முறை. எனவே, ஏழாம் நிபந்தனையின் கீழ் மூன்று மாதம் அவகாசம் கோரி மருத்துவமனைக்கு ஒரு விண்ணப்பத்தை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் அக்கா கையெழுத்திட்டால் போதும். நான் சொன்னால் கேட்கும் நிலையில் அவர் இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பார். வெள்ளிக்கிழமைக்குள் வந்து அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். உங்களிடம் உள்ள பழைய டீசல் வண்டியைத் தருவதாக நீங்கள் சொன்ன அன்புக்கு நன்றி, தயவுசெய்து தராதீர்கள். முக்கியமாக, அவசரப்பட்டு எதையாவது வாங்கிவிடும்படி அவருக்கு யோசனை எதுவும் சொல்லாதீர்கள். பதினோரு மாத உழைப்பு ஒரே நாளில் வீணாகிவிடும்.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பான விசாரிப்புகள். பிள்ளைகள் இருவரும் நல்ல கல்வியும் நீண்ட ஆயுளும் பெற என் ஆசிகள். லிஃப்ட் கதவு மூடும்போது கையை நீட்டாமல் இருந்தால் இரண்டாவது ஆசி எளிதாகப் பலிக்கும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
அத்தான்

இணைப்பு: அவகாசம் கோரும் விண்ணப்ப வரைவு, இரண்டு பக்கம்.

பி.கு. (வியாழன், காலை 8.25): கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கீழே இறங்கியபோது, எங்களுக்குரிய நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத கார் ஒன்று நிற்கக் கண்டேன். உரிமையாளர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும் என்ற அறிவிப்பை அதன் முன்கண்ணாடியில் பசைபோட்டு ஒட்டினேன். உரிமையாளர் நான்கு நிமிடத்தில் வந்துவிட்டார். கையில் மடக்குக் கட்டில் இருந்தது. "ஒட்டினவரே கழுவிக் குடுங்க. எட்டரைக்கு முதல் வீடு" என்றார். திங்கட்கிழமைக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் சொற்கள் என்பதால் அப்படியே பதிவு செய்கிறேன். கழுவிக் கொடுத்தேன். ஆவணங்களைக் கேட்டேன்; தந்தார். ஓராண்டு ஓடிய வண்டி. பதிவு எண் நேற்றே மருத்துவமனையில் ஏற்கப்பட்டு முத்திரையும் விழுந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. எவ்வளவு தேடியும் ஒரு குறை கிடைக்கவில்லை. விற்பனைப் பத்திரத்தில் சாட்சி என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, செவ்வாய்க்கிழமைத் தேதியுடன். அதாவது நான் இக்கடிதத்தைத் தொடங்குவதற்கு முந்தின நாள். ஆகவே மேலே உள்ள பக்கங்களை நீங்கள் படிக்கத் தேவையில்லை. ஆயினும் எழுதி முடித்துவிட்டதால் முறைப்படி அனுப்புகிறேன்.

அவர் கட்டிலைப் பின்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கதவை நான்தான் சாத்தினேன். ஹைப்ரிடா, பிளக்-இன்னா, முழு மின்சாரமா, எந்த வகை என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "நீலம்" என்றார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. ஹைப்ரிடும் மெதுவாகக் கிளம்புகையில் அப்படித்தான் என்பதால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது. வாயிலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம்தான்.